மேகம் தங்கும் மலையில் ஒரு விடுதி

இலக்கிய நிகழ்வில் பறவைகளைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். நான் பேச வந்திருப்பது நிலத்தைப் பற்றியும்தான். ஒரு மலையில் மரம் வெட்ட வந்தவர்கள் எப்படிப் பறவை காட்டுகிறவர்களாக மாறினார்கள், அந்த மாற்றம் எல்லா மலைகளிலும் ஏன் நடக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. வழித்துணைக்கு ஒரு பறவையை வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பறவை இப்போதே உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். பத்து சென்ட் நாணயத்தை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். 1966இல் தசம நாணயங்கள் வந்தபோது ஸ்டுவர்ட் டெவ்லின் வடிவமைத்த அந்த நாணயத்தில் வால் விரித்து நிற்பது லையர் பறவை. லையர் என்றால் யாழ். ஆகவே தமிழில் யாழ்ப்பறவை என்கிறோம். யாழ் என்ற சொல் நம்மில் பலருக்கு ஊரின் பெயரோடு ஒட்டியது என்பதால், இந்த நாட்டின் பறவைகளில் இதன்மீது நமக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை இருப்பதாக நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது? 1798 ஜனவரியில் ஆளுநர் ஹன்டர் சிட்னியிலிருந்து தென்மேற்காக ஒரு சிறு குழுவை அனுப்பினார். மலைகளுக்கு அப்பால் சீனா இருக்கிறது, அங்கே போனால் விடுதலை என்று நம்பி ஐரிஷ் கைதிகள் தப்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்படி எதுவும் இல்லை என்று நேரில் காட்டுவதற்காக அந்தப் பயணம். வழிகாட்டியாகப் போனவர் ஜான் வில்சன். அவர் தண்டனை முடிந்தபின் பூர்வகுடி மக்களோடு சில ஆண்டுகள் வாழ்ந்தவர், காட்டில் நடக்க அவர்களிடம் கற்றவர். அந்தப் பயணத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு பறவைதான் ஐரோப்பியர் கைக்குக் கிடைத்த முதல் யாழ்ப்பறவை. உடல்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. பஞ்சடைத்துப் பாடம் செய்தவர்கள் வாலை நிமிர்த்தி, மயில்போல நிறுத்தி வைத்தார்கள். அப்படி நிறுத்தியபோது ஓரத்து இரண்டு இறகுகளும் யாழின் வளைவைக் காட்டின. பெயர் நிலைத்துவிட்டது. உயிருள்ள பறவை ஆடும்போது வாலைத் தலைக்குமேல் முன்னால் சாய்த்து, வெள்ளி முக்காடு போட்டதுபோல் தன்னையே மூடிக்கொள்ளும். யாழ் வடிவத்தை அது நின்று காட்டுவதில்லை. உடலை மட்டும் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

அதன்பின் நூறாண்டுக்கு மேலாக அந்தப் பறவையின் வால் விலைக்கு விற்கப்பட்டது. பார்ப்பதற்காக மட்டும் பறவையைத் தேடிப் போவது பின்னால் வந்த பழக்கம். மெல்பேர்ன் நண்பர்களுக்குத் தெரிந்த இடத்தில் அதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. டான்டனோங் மலையின் ஷெர்புரூக் காட்டுக்குப் போயிருப்பீர்கள். வானளாவிய மலைச் சாம்பல் மரங்கள், கீழே மரப்பெரணிகள். 1920களில் டாம் ட்ரெகெல்லஸ் என்ற புகைப்படக்காரர், விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் தங்கி யாழ்ப்பறவைகளைப் பார்த்தார். அந்த மரப்பொந்துக்கு அவர் வைத்த பெயர் ‘மெனுரா’. அது அந்தப் பறவையின் அறிவியற் பெயர். 1931இல் அதே காட்டிலிருந்து யாழ்ப்பறவையின் பாட்டு வானொலியில் நேரலையாகப் போனது. இன்று நாம் இணையத்தில் நேரலையாகப் பேசுகிறோம். இந்த மாநிலத்தில் நேரலைக்கு வந்த மூத்த பாடகர் அவர்தான்.

ட்ரெகெல்லஸ் போன்றவர்களுக்குக் காடு ஒரு விருப்பம். பிழைப்பு வேறெங்கோ இருந்தது. காடே பிழைப்பாக இருந்தவர்களின் கதை இன்னும் சிக்கலானது. அதற்கு நாம் வடக்கே போகவேண்டும்.

சிட்னியிலிருந்து கடற்கரையோரமாக ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போனால், நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் சந்திக்கும் எல்லையில் மக்பர்சன் மலைத்தொடர் இருக்கிறது. இருபது மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கனன்ற ஒரு பெரும் எரிமலையின் மிச்சம் அது. அதன் வடக்குச் சரிவில் லாமிங்டன் தேசியப் பூங்கா, 20,000 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான மழைக்காடு. 1896 முதல் 1901 வரை குயின்ஸ்லாந்தின் ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர். சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்ப்பூவில் புரட்டிய கேக்கை நம் பிள்ளைகள் பள்ளி நிதிக்காக விற்பார்களே, அதற்கும் அவருடைய பெயர்தான் என்பார்கள்.

மலையின் உச்சி விளிம்புகளில் பல நாட்கள் மேகம் இறங்கி உட்கார்ந்துவிடும். மழை பெய்யாமலே இலைகள் சொட்டும். மரங்கள் மேகத்தைச் சீவி எடுத்து வேருக்குக் கொடுக்கின்றன. அங்கே அந்தார்ட்டிக் பீச் என்னும் மரங்கள் பாசி போர்த்து நிற்கின்றன. அவுஸ்திரேலியா, அந்தார்ட்டிக்கா, தென் அமெரிக்கா எல்லாம் ஒரே நிலமாக இருந்த காலத்து மரக் குடும்பம் அது. தமிழில் சோலைக்காடு என்று நீலகிரியிலும் பழனிமலையிலும் சொல்வோமே, அந்தக் குளிர்ச்சியும் அந்தப் பாசியும் இங்கேயும் உண்டு.

இந்தக் காட்டின் நடுவில், 900 மீட்டருக்கு மேல் உயரத்தில், ஓ'ரைலி விடுதி இருக்கிறது. நான் இருமுறை போயிருக்கிறேன். இரண்டும் குளிர்காலம். விடியற்காலையில் விடுதிக்காரர்களோடு ஒரு பறவை நடை போகலாம். கருப்பும் பொன்னுமாக ரீஜன்ட் குடில்பறவை வந்து நம் எதிரிலேயே உட்காரும். செங்கிளிகள் தோளில் இறங்கும். சாட்டை சுழற்றுவதுபோல் ஒலி எழுப்பும் சாட்டைப்பறவையை எல்லோரும் கேட்போம், ஒருவரும் பார்க்கமாட்டோம். எல்லாவற்றுக்கும் மேலாக ஆல்பர்ட் யாழ்ப்பறவை. இது நாணயத்தில் இருக்கும் பறவையின் அரிய உறவு. எல்லைப்புறத்தின் இந்தச் சில மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. விக்டோரியா மகாராணியின் கணவர் பெயரை 1850இல் இதற்கு வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், யாழ் வடிவ இறகுகள் இதற்குக் கிடையாது.

இனி அந்த விடுதியின் கதை.

இந்த மலை யூகம்பே மொழி பேசும் மக்களுடையது. வூனூங்கூரா என்று அவர்கள் அழைத்தார்கள். மாடும் கோடரியும் வந்தபின் அவர்கள் பள்ளத்தாக்குகளிலிருந்து அகற்றப்பட்டார்கள். அவர்களில் வாங்கெரிபுர்ரா குழுவைச் சேர்ந்த ஒருவரின் ஆங்கிலப் பெயர் ஜான் ஆலன், சொந்தப் பெயர் புல்லும். தன் மொழியின் சொற்களையும் தன் மக்களின் வழக்கங்களையும் அவர் சொல்ல, ஜான் லேன் என்பவர் எழுதினார். அது 1913ஆம் ஆண்டுக்கான அரசு அறிக்கையொன்றின் பின்னிணைப்பாக அச்சானது. ஒரு மொழி அலுவலக அறிக்கையின் பின்னிணைப்பாக மிஞ்சுவது என்றால் என்னவென்று இங்கிருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1911இல், ஓ'ரைலி குடும்பத்தின் சகோதரர்களும் சிற்றப்பா பெரியப்பா பிள்ளைகளும் மலையேறி வந்தார்கள். அவர்களுடைய ஊர் சிட்னிக்கு மேற்கே, நீல மலைகளுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தாக்கு. ஐரிஷ் வழிவந்த விவசாயிகள். குயின்ஸ்லாந்து அரசு பால் பண்ணைக்காக மலைமேல் நிலம் கொடுத்தது. நிலத்தைத் திருத்தி அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. திருத்துவது என்றால் காட்டை வெட்டுவது. அவர்கள் வெட்டினார்கள். புல் விதைத்தார்கள், மாடு வளர்த்தார்கள், பாலாடையைக் குதிரை முதுகில் ஏற்றிச் செங்குத்துப் பாதையில் கீழே கொண்டுபோய் விற்றார்கள்.

இதே காலத்தில் அந்தக் காட்டைக் காக்க வேண்டும் என்று வேறு இருவர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ராபர்ட் காலின்ஸ், பெரிய மாட்டுப்பண்ணைக்காரர். 1878இல் அமெரிக்கா போனபோது யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பற்றி அறிந்து, அப்படியொன்று இங்கேயும் வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக வாதாடினார். 1913இல் இறந்துவிட்டார். அடுத்தவர் ரோமியோ லேஹி, இளம் பொறியியலாளர். அவருடைய தந்தை அந்தப் பகுதியின் மரஆலை முதலாளி! மரஆலைக்காரரின் மகன் ஊர் ஊராகப் போய்ப் படங்கள் காட்டிக் கூட்டம் பேசினார், கையெழுத்து வாங்கினார். 1915இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது.

ஓ'ரைலிகளுக்கு அது இடிவிழுந்த செய்தி. அவர்களுடைய நிலம் அவர்களிடமே இருந்தது. ஆனால் நாலாபக்கமும் பூங்கா. இனி வேறு குடியேறிகள் வரமாட்டார்கள். அக்கம்பக்கம் இல்லையென்றால் சாலை இல்லை, பள்ளி இல்லை, சந்தை இல்லை. மாடு வளர்ப்பதற்காகத் தேர்ந்தெடுத்த மலை, ஒரு சட்டத்தால் தீவாகிவிட்டது.

அந்தத் தீவைத் தேடி இன்னொரு வகை மனிதர்கள் வரத் தொடங்கினார்கள். நடைப் பயணிகள், தாவரம் சேகரிப்பவர்கள், பறவை பார்ப்பவர்கள். இருட்டிவிட்டால் அவர்கள் தங்குவதற்கு ஓ'ரைலிகளின் பலகைக் குடிலைத் தவிர வேறிடம் இல்லை. சோறு போட்டார்கள், படுக்க இடம் கொடுத்தார்கள், காலையில் வழி காட்டினார்கள். பால் பண்ணை தராத வருமானத்தை விருந்தினர் தரக்கூடும் என்று மெல்லப் புரிந்தது. 1926இல் ஈஸ்டர் விடுமுறையின்போது விடுதி முறையாகத் திறந்தது. சாலை வரும்வரை விருந்தினர்களும் மூட்டைகளும் குதிரையில்தான் மலையேறினார்கள்.

இந்த இடத்தைக் கவனிக்கச் சொல்வேன். காட்டின்மீது அன்பு பிறந்து விடுதி கட்டவில்லை. பிழைக்க வேண்டியிருந்தது, கட்டினார்கள். விருந்தினர் ‘அது என்ன பறவை?’ என்று கேட்டார்கள். பதில் சொல்வதற்காகப் பார்க்க வேண்டியிருந்தது. எந்தப் பழம் எந்த மாதம் பழுக்கிறது, எந்த மரத்துக்கு எந்தப் பறவை வருகிறது, யாழ்ப்பறவை எந்தக் கொடிப்பந்தலில் நின்று பாடுகிறது என்று நாள்தோறும் பார்த்துப் பார்த்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவர்கள் காட்டின் ஆட்களாகிவிட்டார்கள்.

எந்த அளவுக்கு என்பதை 1937 காட்டியது. அந்த ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி, பிரிஸ்பேனிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட ஸ்டின்சன் விமானம் காணாமல் போனது. விமானிகள் இருவர், பயணிகள் ஐவர். கடும் காற்று மழை நாள். சிட்னிக்கு வடக்கே விமானத்தைப் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். ஆகவே தேடல் சிட்னியை ஒட்டியே நடந்தது, கடலில் விழுந்திருக்கும் என்று கைவிடும் நிலைக்கு வந்தது. சகோதரர்களில் ஒருவரான பெர்னார்ட் ஓ'ரைலிக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. விமானம் மக்பர்சன் மலைத்தொடரைத் தாண்டியிருக்கவே முடியாது என்று அவர் கணக்குப் போட்டார். வரைபடத்தையும் கொஞ்சம் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் நடந்தார். மறுநாள் ஓர் உயரத்தில் மேகம் விலகியபோது, பல கிலோமீட்டர் தொலைவில், பச்சைக் காட்டுக்கு நடுவே ஒரே ஒரு மரம் பழுப்பாக நின்றதைப் பார்த்தார். மழைக்காட்டில் மரம் சும்மா பழுப்பாகாது. எரிந்த மரம் என்று புரிந்து அதை நோக்கி நடந்தார். பெப்ரவரி 28, விபத்து நடந்து பத்தாவது நாள். அங்கே இருவர் உயிரோடிருந்தார்கள். ஜோ பின்ஸ்டெட் ஒருவர். கால் முறிந்து கிடந்த ஜான் பிரவுட் மற்றவர். விபத்தில் தப்பிய மூன்றாமவரான ஜிம் வெஸ்ட்ரே உதவி தேடிப் போன வழியில் இறந்திருந்தார். பெர்னார்ட் கீழே ஓடி ஆட்களைத் திரட்டி வந்து இருவரையும் காப்பாற்றினார்.

அவுஸ்திரேலியப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறையாக இதை வீரக் கதையாகக் கேட்டு வளர்ந்தார்கள். எனக்கு இது பார்வையின் கதை. ஒரு பச்சைக்கும் இன்னொரு பச்சைக்கும் வித்தியாசம் தெரிந்த கண்ணுக்குத்தான் அந்தப் பழுப்பு தெரியும். இலைக் குவியலுக்குள் அசையாமல் நிற்கும் பறவையைக் கண்டுபிடித்துப் பழகிய கண் அது. பின்னால் அவர் ‘கிரீன் மவுன்டன்ஸ்’ என்ற நூலை எழுதினார். அந்த மலைப்பகுதியையே இன்று பலர் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

இனி நம் மலைக்கு வருகிறேன்.

இலங்கையிலும் மேகக்காடு உண்டு, அதன் நடுவே விடுதியும் இருந்தது. ஹோட்டன் சமவெளி, 2,100 மீட்டருக்கு மேல். 1830களில் ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயர். அங்கே தாமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரில் ‘ஃபார் இன்’ இருக்கிறது. துரைமார் மரை வேட்டைக்கு வந்து தங்கிய இடம், இப்போது பூங்காவின் தகவல் நிலையம். அதற்கு அருகில் அரெங்கா குளம் என்றொரு சிறு நீர்நிலை. உலகெங்குமிருந்து பறவை பார்ப்போர் விடியுமுன் அங்கே வந்து நிற்பார்கள். இலங்கைக்கு மட்டுமே உரிய, கருநீலச் சிறகுகொண்ட ஒரு சீட்டிப்பறவைக்காக. நீலகிரியில் சீகாரப் பூங்குருவி என்று சொல்வோமே, அதன் இலங்கை உறவு. 1872இல் இதற்கு அறிவியற் பெயர் வைத்தபோது சாமுவேல் பிளை என்பவரின் பெயரைச் சேர்த்தார்கள். பிளை ஒரு கோப்பித் தோட்டத்துரை.

கோப்பித் தோட்டம் என்றால் அங்கே யார் இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காடு விழுந்த சரிவில் குழி வெட்டிக் கோப்பி நட்டவர்கள், இலைநோயில் கோப்பி அழிந்தபின் அதே குழியில் தேயிலை நட்டவர்கள், மன்னார்க் கரையிலிருந்து நடந்தே மலையேறிய தமிழர்கள். 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடவேண்டாம் என்று சொன்னதால் உச்சியில் கொஞ்சம் காடு தப்பியது. காட்டுக்குக் கீழே தேயிலை, தேயிலைக்கு நடுவே லயம்.

என் அம்மாயி ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அவருக்குப் பறவைகளின் தோற்றம் அதிகம் தெரியாது. கொழுந்து எடுக்கும்போது கண்ணை எடுக்கக்கூடாது, நிறை குறைந்தால் பேர் குறையும். கண் கொழுந்தில் இருந்தது, காது மட்டும் சும்மா இருந்தது. ஆகவே குரல்கள் தெரியும். ‘பெரட்டுக்கு முந்தி கத்துறது’, ‘மழைக்கு முந்தி கத்துறது’, ‘தண்ணிப் பீலி கிட்ட சீட்டியடிக்கிறது’ என்று மூன்று நான்கு பறவைகளை நேரத்தாலும் இடத்தாலும் சொல்வார். மூன்றாவது எந்தப் பறவை என்று இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னது ஓர் அவதானிப்பு. பிளை துரை சொல்லியிருந்தால் அது ஏட்டில் ஏறியிருக்கும்.

ஓ'ரைலிகளும் அம்மாயியின் ஆட்களும் ஏழைகளாக மலையேறியவர்கள்தான். இரு கூட்டமும் பிறர் போட்ட நிபந்தனையின்படி மலையைத் திருத்தியவை. ஒரு வித்தியாசம் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஓ'ரைலிகளிடம் நிலப்பத்திரம் இருந்தது. சட்டம் அவர்களைச் சுற்றி வளைத்தபோதும், காலூன்ற ஒரு துண்டு மண் அவர்களுடையதாக இருந்தது. அதன்மேல் நின்று தொழிலை மாற்ற முடிந்தது, விருந்தினரை அழைக்க முடிந்தது. விருந்தோம்ப வேண்டுமென்றால் முதலில் வீடு வேண்டும். லயத்துக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரை போய்விடும். 1948இல் குடியுரிமையே போனது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, எத்தனை இலட்சம் பேர் எந்த நாட்டுக்கு என்று பங்கு பிரித்தார்கள். குடியுரிமைச் சிக்கல் முடிவுக்கு வந்தது 2003இல்தான். நாளை எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாதவர், முன்னால் இருக்கும் மலை என்னுடையது என்று எப்படிப் பார்ப்பார்?

புல்லும் அவர்களின் மக்களுக்கு நடந்ததும் இதுதான், இன்னும் கொடுமையாக. மலையை ஆதியிலிருந்து அறிந்தவர்களுக்குச் சட்டத்தின் கண்ணில் அங்கே ஒரு சாண் நிலமும் இல்லை. ஆகவே அந்தக் காட்டின் நல்ல விருந்தோம்பிகளாக ஓ'ரைலிகளைப் பாராட்டும்போது, அழைக்கும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழிக்காது.

இந்தப் பறவைகளைப் பற்றி அண்மைக் காலத்தில் தெரியவந்த இரண்டு விடயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, தொன்மை. உலகப் பறவை இனங்களில் ஏறக்குறையப் பாதி, பாடும் பறவைகள் என்னும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. காக்கை, மைனா, கொண்டைக்குருவி, தையல்சிட்டு, சிட்டுக்குருவி எல்லாம் அதில் வரும். குயில் வராது, அது வேறு கூட்டம். காக்கை பாடும் பறவை, குயில் இல்லை என்பதைப் புலவர்கள் மன்னிக்கவேண்டும். இந்தக் கூட்டம் வடக்கே தோன்றித் தெற்கே வந்தது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். மரபணு ஆய்வுகள் அதைத் தலைகீழாக்கின. பாடும் பறவைகள் தோன்றியது அவுஸ்திரேலிய நிலப்பகுதியில். குடும்ப மரத்தின் அடியில் முதலில் பிரிந்த கிளை யாழ்ப்பறவையும், அதே லாமிங்டன் உச்சியில் ஒளிந்து வாழும் புதர்ப்பறவையும். டிம் லோ 2014இல் இதை ஒரு முழு நூலாக எழுதினார். ஆக, நம் ஊர்க் கூரையில் கரையும் காக்கையின் பூர்வீகம் இந்தப் பக்கம். ‘எங்க ஊர்ப் பறவை எதுவும் இங்க இல்லையே’ என்று பெற்றோர் குறைப்பட்டால் இதைச் சொல்லலாம்.

இரண்டாவது, இழப்பு. யாழ்ப்பறவை பிற பறவைகளின் குரலைக் கற்று, தன் பாட்டில் கோத்துப் பாடும். இளையது மூத்தவற்றிடமும் கற்கிறது. அதாவது அதற்கு ஒரு மரபு இருக்கிறது, ஒவ்வொரு மலைக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. மேற்கு சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆல்பர்ட் யாழ்ப்பறவையைப் பல இடங்களில் ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டார்கள். பரந்த காட்டில் வாழும் பறவையின் பாட்டில் பல குரல்கள். துண்டு துண்டாகிப்போன சிறு காட்டில் வாழும் பறவையின் பாட்டில் குறைவான குரல்கள். பறவை அங்கே உயிரோடுதான் இருக்கிறது, பாடவும் செய்கிறது. பாட்டு மட்டும் ஏழையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் தமிழ்ப் பள்ளி நடத்தும் நண்பர்கள் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இதை நான் உவமையாக விரிக்கப்போவதில்லை.

ஆபத்து முடிந்துவிடவும் இல்லை. ரோமியோ லேஹியும் ஆர்தர் குரூமும் 1933இல் அதே பூங்காவின் மறுபக்கத்தில் தொடங்கிய பின்னா புர்ரா விடுதி, 2019 செப்டம்பர் 8ஆம் திகதி காட்டுத்தீயில் எரிந்தது. மேகம் தங்கும் மலையின் ஓரத்தில், வசந்தத்தின் தொடக்கத்தில், அந்தத் தீ. மேகம் வராத ஆண்டுகள் தொடர்ந்தால் பாசி போர்த்த மரங்கள் என்னவாகும் என்று அந்த மலைக்காரர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

நம்மால் என்ன ஆகும்? நம்மில் பலர் நாடற்றவர்களின் பிள்ளைகள், அல்லது நாட்டைவிட்டு ஓடிவந்தவர்கள். இங்கே குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிய அன்று, வீட்டுக் கடனோடு இன்னொன்றும் நம் கைக்கு வந்தது. இந்தத் தேசியப் பூங்காக்கள் சட்டப்படி நமக்கும் பொதுச்சொத்து. அம்மாயிக்குக் கிடைக்காத காலடி மண் இது. ஷெர்புரூக்கில் யாழ்ப்பறவைகளைப் பூனைகள் கொல்கின்றன என்று தெரிந்தபோது, 1991இல் அந்த உள்ளூராட்சி வீட்டுப் பூனைகளுக்கே இரவு ஊரடங்கு போட்டது. குடியிருப்பவர்கள் மனம் வைத்ததால் நடந்தது. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் கடைத்தொகுதிகளுக்கு மட்டும் கூட்டிப்போகாமல், ஜூன் ஜூலையில் ஒரு விடியற்காலை ஷெர்புரூக்குக்கோ, சிட்னிக்குத் தெற்கே ரோயல் தேசியப் பூங்காவுக்கோ கூட்டிப்போங்கள். ஒக்டோபரில் பறவை அமைப்பு நடத்தும் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் இருபது நிமிடம் பிள்ளைகளோடு உட்காருங்கள். ஆங்கிலப் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள், அந்த மண்ணின் மக்கள் வைத்த பெயர் கிடைத்தால் அதையும் கேட்டு வாங்குங்கள், தமிழில் ஒரு பெயர் வையுங்கள். முக்கியமாக, வயதானவர்களிடம் அவர்கள் ஊரில் எது எப்போது கத்தியது என்று கேட்டு எழுதிவையுங்கள். அவர்களிடம் அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.